தலவாக்கலை லயத்து ஆச்சிக்கு

அன்புள்ள ஆச்சிக்கும், அக்காவுக்கும், அண்ணனுக்கும், அன்று எங்களுக்காக மழையில் நனைந்த எல்லோருக்கும் வணக்கம்.

பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று அக்கா தொலைபேசியில் சொல்லிவிட்டார். தோட்டத்தின் பெயரும் வேண்டாமாம். தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும் வீதி, அதற்கு மேலே தேயிலைச் சரிவில் ஒரு லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் செய்ததை மட்டும் நிறுத்தாமல் எழுதுவேன்.

ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளுக்கு மலை காட்ட யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோம். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டு. எங்கள் பக்கத்தில் அந்த மாதம் வெயிலும் புழுதியும். மேற்கு மலைச் சரிவுகளில் அதே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கும் காலம். பள்ளியில் படித்த பாடம்தான். இருந்தும் பெட்டியில் தடித்த உடுப்பு ஒன்றுகூட வைக்காமல் வந்துவிட்டேன். ஹட்டனைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் சின்னவன் வாந்தி எடுக்கத் தொடங்கினான். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. தலவாக்கலையைக் கடந்து சிறிது தூரத்தில் எங்கள் வான் வண்டி சூடேறி நின்றுவிட்டது. சாரதித் தம்பி பழுதான குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறிக் கடை தேடிப் போனார். மழையும் மூடுபனியும் சூழ்ந்த வீதியோரத்தில், துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

ஆச்சி, நீங்கள் சாக்கைத் தலையில் போட்டபடி படிக்கட்டில் இறங்கி வந்தீர்கள். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்கவில்லை. “பிள்ளை கடைசியாக எப்போது மூத்திரம் போனது?” என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. காலையில் என்று நினைக்கிறேன் என்றேன். அவனுடைய உதட்டைத் தொட்டுப் பார்த்தீர்கள், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தீர்கள், “மேலே கொண்டு வாருங்கள்” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தீர்கள். பல வருடங்கள் பிள்ளை மடுவத்தில், தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில், ஆயாவாக இருந்தவர் நீங்கள் என்று பிறகுதான் அறிந்தேன். கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் எத்தனை பிள்ளைகள் அந்தக் கைகளில் வளர்ந்திருக்கும்!

இஸ்தோப்பில், அதுதான் வாசல் திண்ணையில், ஈர உடுப்பைக் கழற்றி, உங்கள் பேரனின் சுவெட்டரை அவனுக்குப் போட்டுவிட்டீர்கள். அடுப்படியில் உட்கார வைத்தீர்கள். சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு, ஆற வைத்து, தேக்கரண்டியால் ஒரு வாய். பிறகு காத்திருப்பு. மறுபடி ஒரு வாய். அவன் கோப்பையைப் பறிக்கப் பார்த்தான், தாகத்தில் அழுதான். இன்னும் கொடுக்கச் சொல்லி நான் கெஞ்சினேன். நீங்கள் இடங்கொடுக்கவில்லை. அவசரப்பட்டால் முழுவதும் வெளியே வரும் என்றீர்கள். அப்படி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, கையில் கரண்டியோடு, உங்கள் சொந்த வேலை எதையும் பார்க்காமல் இருந்தீர்கள். அண்ணன் மழையில் ஓடிப்போய் வீதியோரக் கடையில், நீரிழப்புக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பைக்கற்றுகள் வாங்கி வந்தார். கடைக்காரச் சிங்களப் பெரியவர் காசு வாங்க மறுத்து, ஒரு பைக்கற் பிஸ்கட்டும் சேர்த்துக் கொடுத்துவிட்டாராம். அவருக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. அண்ணன் இதை அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

பின்னேரம் சின்னவன் சிறுநீர் கழித்தபோது நீங்கள் கைகொட்டிச் சிரித்தீர்கள். அதற்குப் பிறகுதான் எனக்குப் பசி தெரிந்தது.

அக்கா, நீங்கள் அப்போதுதான் கொழுந்து மடுவத்தில் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குத் துணியோடு வந்து சேர்ந்தீர்கள். நாள் முழுவதும் சரிவில் நின்ற கால்கள். பதினெட்டு, இருபது கிலோ பறித்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழும் என்று பிறகு சொன்னீர்கள். வீட்டில் அந்நியர் நால்வர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கை கால் கழுவிவிட்டு நேரே தேங்காயை உடைத்தீர்கள். தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தொட்டிருந்த நேரம் அது. 2024 செப்டம்பரில் கூட்டிய பிறகும் அடிப்படை நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபாய்தான். எங்களுக்காக நீங்கள் உடைத்தவை இரண்டு. என் கணவர் இரண்டாவதைத் தடுக்கப் பார்த்தார். “பிள்ளைகள் இருக்கிறார்கள் அண்ணே” என்ற ஒரு சொல்லோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த ரொட்டியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டிலும் ரொட்டி சுடுவோம்; மெல்லியதாகத் தட்டி, காலையில் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓடுவோம். உங்களுடையது கைத்தடிப்பு. கோதுமை மாவில் தேங்காய்ப்பூவைத் தாராளமாகப் போட்டு, வெந்நீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையாலேயே வட்டமாக்கி, விறகடுப்பில் நிதானமாகச் சுட்டது. விடியப் பெரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகிறவர் கையில் கொண்டுபோய், மலையில் நின்றபடி சாப்பிட்டு, மாலை வரை தாங்க வேண்டிய உணவு அது என்று சொன்னீர்கள். கூடவே அம்மியில் அரைத்த கட்டைச் சம்பல், பருப்பு, லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட பிரட்டல். மகள் உறைப்புத் தின்னமாட்டாள் என்று கேள்விப்பட்டதும், மிளகாய் சேர்க்கும் முன்பே பருப்பில் ஒரு கிண்ணம் எடுத்து வைத்தீர்கள். வீட்டில் ஒரு வாய்க்கு ஒரு கதை கேட்கிறவள், உங்கள் மகளுக்குப் பக்கத்தில் சப்பாணி போட்டு உட்கார்ந்து ஒன்றரை ரொட்டி சாப்பிட்டாள். அரை ரொட்டி அவளே தட்டியது.

பெரியவர்களுக்கு ஒரே ஒரு பீங்கான் கோப்பை இருந்தது. அதில் எனக்கு இஞ்சித் தேநீர் தந்தீர்கள். நீங்கள் எல்லோரும் தகரக் குவளையில் குடித்தீர்கள்.

அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஆச்சி, நீங்கள் கேட்டீர்கள்: “கிளிநொச்சி உங்கள் ஊருக்குப் பக்கமா?” தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு உங்கள் தங்கை குடும்பத்தோடு அங்கே போய்விட்டாராம். 2008 வரை கடிதம் வந்ததாம். பிறகு இல்லை. நீங்கள் அழாமல் சொன்னீர்கள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. ஏனென்றால் மலையிலிருந்து வந்தவர்களை எங்கள் பக்கத்தில் எப்படி நடத்தினோம் என்பது எனக்குத் தெரியும். சிறுமியாக இருந்தபோது உறவினர் வீடொன்றில், தோட்ட வேலைக்கு வந்த ஓர் அம்மாவுக்குக் கொல்லைப்புறத்தில் தனிப் பேணியில் தேநீர் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேணி வீட்டுக்குள் வராது. வேலிக் கதியாலில் கவிழ்ந்திருக்கும். அந்த அம்மா எந்த மலையிலிருந்து வந்தார், யாரை விட்டுவிட்டு வந்தார் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அவர் உங்கள் தங்கையாகவும் இருந்திருக்கலாம். அன்று உங்கள் முன்னால் இதைச் சொல்லத் துணிவு வரவில்லை. இங்கே சொல்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

இருட்டும் நேரம் வான் சரியானது. காசு கொடுக்க முயன்றதற்கு அண்ணன் கோபப்பட்டார். அது நியாயமான கோபம். டோர்ச் வெளிச்சம் பிடித்துப் பாதி லயமும் வீதி வரை வந்து எங்களை ஏற்றிவிட்டது. சாக்கில் சுற்றிய கரட்டையும் கோவாவையும் யார் வானில் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது.

சின்னவன் நலமாக இருக்கிறான். சோற்றுக் கஞ்சியைக் கண்டால் “ஆச்சி” என்கிறான்.

இரண்டு வாரங்களுக்கு முன் கிளிநொச்சிக்குப் போனேன். 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் இருக்கும் பகுதியில் வீடு வீடாகக் கேட்டேன். தலவாக்கலைப் பக்கம் என்றதும் மூன்று வீடுகளைக் காட்டினார்கள். மூன்றும் நாம் தேடுகிறவர்கள் இல்லை. ஆனால் மூன்று வீட்டிலும் உட்காரச் சொல்லித் தேநீர் தந்தார்கள், மூன்றிலும் குடித்தேன். ஒரு பெரியவர் முல்லைத்தீவுப் பக்கம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த போயா (பௌர்ணமி) விடுமுறையில் போகிறேன். இதை வாசிக்கிற எவருக்காவது அப்படி ஒரு குடும்பம் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். ஆச்சியின் பெயரை அவர்களிடம் மட்டும் சொல்கிறேன்.

பேரனின் சுவெட்டரைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. சித்திரை விடுமுறையில் நாங்களே கொண்டு வருகிறோம், இந்த முறை கம்பளி உடுப்புகளோடு. ஒரு நாள் சமையலை என்னிடம் விட்டுவிடுங்கள், அக்கா. உங்கள் அடுப்பில் லயம் முழுவதற்கும் ஒடியற்கூழ் காய்ச்ச ஆசை. காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும் கருவாடும் நான் கொண்டு வருவேன். பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் அங்கே கிடைக்குமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கஞ்சி குடித்த சின்னவனின் அம்மா,
யாழ்ப்பாணம்