தூணின் அடியைத் திறந்து பார்

தொண்டி

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வாங்கியுள்ள பழைய ஃபைபர் படகின் படங்களைப் பார்த்தேன். பாய்மரம் நிற்கும் இடத்தில் மேல்தளம் குழிந்திருப்பதும், சுற்றிலும் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருப்பதும், அறைக்கதவு சட்டத்தில் இறுகிக்கொள்வதும் ஒரே கோளாற்றின் அடையாளங்கள்: உள்ளே பாய்மரத்தைத் தாங்கும் தூண் கீழே இறங்கியிருக்க வேண்டும். வெடிப்பின் மேல் யாரோ பெயின்ட் அடித்து மறைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் தளர்ந்த கம்பிகளை முறுக்கிவிட்டால் சரியாகும் என்று சொன்னவரின் பேச்சைக் கேட்காதே. முறுக்க முறுக்கப் பாய்மரம் இன்னும் கீழ்நோக்கித்தான் அழுத்தும்.

நம் ஊர் வத்தை என்னும் பாய்ப்படகில் காற்று வலுத்தால், பலகையை வெளியே நீட்டி ஆட்கள் ஏறி அமர்ந்து சமன் செய்வார்கள். தாங்காவிட்டால் பாயை இறக்கிவிடுவார்கள். உங்கள் படகிலோ அடியில் உள்ள கனத்த ஏரா (கீல்) சாயவிடாமல் எதிர்த்து நிற்பதால், காற்றின் விசை கம்பிகளில் ஏறி, பாய்மரத்தின் சொந்த எடையைப்போல் பல மடங்காகத் தளத்தின் வழியே உள்ளே நிற்கும் தூணில் இறங்குகிறது. அந்தத் தூணின் அடியில் ஃபைபர் போர்த்திய மரக்கட்டை இருந்தால், முதல் சந்தேகம் அதன்மேல்தான். ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டிப் பார்; சத்தம் மந்தமாக இருந்தால் சிறு துளையிடு. கருத்த ஈரத்தூள் வந்தால் கட்டை மக்கிவிட்டது.

பாய்மரத்தை இறக்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். மக்கிய மரத்தை முழுவதும் எடுத்து, நன்றாக உலரவிட்டு, அந்த இடத்தில் மீண்டும் மரம் வைக்காமல் கெட்டி ஃபைபராகவே கட்டி எழுப்புங்கள். இங்கே நாங்கள் பாலியெஸ்டர் ரெசினும், துண்டு இழைகளைப் பசையால் ஒட்டிய ‘மேட்’ விரிப்பும் பயன்படுத்துகிறோம். ஆனால் இறுகிப்போன பழைய ஃபைபரின் மேல் எபாக்ஸி ரெசின்தான் உறுதியாகப் பிடிக்கும். சாதாரண ‘மேட்’ விரிப்பில் உள்ள பசை எபாக்ஸியில் கரையாது என்பதால், நெய்த துணியோ தைத்த துணியோ வாங்குங்கள். ஓரங்களைக் கிரைண்டரால் 12 பங்குக்கு 1 பங்கு என்ற சரிவில் தேயுங்கள். கனம் 6 மில்லிமீட்டர் என்றால் சரிவு 72 மில்லிமீட்டர் வரவேண்டும். எல்லா அடுக்கையும் ஒரே மூச்சில் போட்டால் சூடேறி வெடிப்பு விட்டுவிடும். அடியில் தேங்கும் நீர் வெளியேற ஒரு வழி விடுங்கள்.

தூணின் நீளத்தை இப்போது அளக்காதீர்கள். தளத்தை ஜாக்கியால் மெல்ல மெல்ல உயர்த்தி, கதவு தடையின்றிச் சாத்தும் நிலைக்கு வந்த பிறகு அளவெடுத்து எனக்கு எழுது. தூணை வெட்டுவதற்கு முன் நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா