பாப்பா வக்கீலுக்குப் படிக்கட்டும்

டொராண்டோ

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நாலு பக்கத்தையும் பஸ்ஸிலேயே படித்து முடித்தேன். போனில் பேசினால் அத்தான் வாங்கி, மழை உண்டா, வெயில் உண்டா என்று பேச்சை மாற்றிவிடுவார். பாப்பாவின் சட்டப் படிப்பு விஷயத்தை எழுதித்தான் சொல்ல வேண்டும்.

நான் நன்றாக இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது. பழைய கோட்டே இந்த வருஷமும் தாங்கும். அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கிறது. மோர்மிளகாய் வறுத்தால் மட்டும் புகைக்கு அலாரம் அடிக்கிறது, ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வருகிறது. சத்தம் கேட்டதும் கீழ் வீட்டு அம்மாள் மேலே வந்துவிடுவார். சண்டைக்கு இல்லை, அவருக்கும் இரண்டு மிளகாய் வேண்டும். எழுபதைத் தாண்டியவர். விடிவதற்கு முன்பே எழுந்து, அடுத்த வீட்டு வாசல் பனியையும் சேர்த்து வாரித் தள்ளுவார். யார் சொன்னாலும் கேட்பதில்லை. வக்கீல் ஆபீஸில் டைப் அடித்தே ஆயுளைக் கழித்தவர். “கோர்ட்டு வாசல் பொம்பளைப் பிள்ளைக்கு ஆகாது” என்று அத்தான் சொன்னதை அவரிடம் சொன்னேன். உடனே கோட்டை மாட்டிக்கொண்டு என்னை ஆஸ்கூட் ஹாலுக்குக் கூட்டிப்போனார். வக்கீல் சங்கத்தின் இடம் அது. சுற்றிலும் இரும்பு வேலி, ஆள் ஒடுங்கித் திரும்பித்தான் நுழைய முடியும் என்கிற மாதிரி வாசல்.

இனி எழுதுவதை அத்தானுக்கு வாசித்துக் காட்டு.

கிளாரா பிரெட் மார்ட்டின் என்று ஒரு பெண், 12 பிள்ளைகளில் கடைசி. 16 வயதிலேயே கணக்கில் பட்டம் வாங்கியவர். 1891-இல் சட்டம் படிக்க மனுப் போட்டார். விதியில் ஆண்களுக்குத்தான் இடம் என்று இந்தச் சங்கம் திருப்பி அனுப்பியது. அவர் விடவில்லை. 1892-இல் மாகாண சட்டசபையில் தனிச் சட்டம் வந்தது, அதுவும் பத்திரம் எழுதி ஆலோசனை சொல்லும் சொலிசிட்டர் வேலைக்கு மட்டும். கோர்ட்டில் நின்று வாதாட 1895-இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. வகுப்பில் பையன்கள் சீறிக் கத்தி அவமானப்படுத்தினார்கள். கறுப்பு கவுனுக்குள் கறுப்பு உடைதான், தலையில் தொப்பி கூடாது என்று பெண்களுக்கென்றே விதி எழுதினார்கள். எல்லாவற்றையும் தாண்டி 1897 பிப்ரவரி 2-ஆம் தேதி வக்கீலானார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே முதல் பெண் வக்கீல் அவர்தான். நம் நாட்டு கொர்னீலியா சொராப்ஜி 1892-லேயே ஆக்ஸ்போர்டில் சட்டப் பரீட்சை எழுதியவர். ஆனால் நம் ஊரில் பெண்களும் வக்கீலாகலாம் என்ற சட்டம் வர 1923 ஆயிற்று.

கிளாராவைக் கும்பிடச் சொல்லவில்லை. யூதர்களைப் பழித்து 1915-இல் அவர் எழுதிய கடிதம் வெளியே வந்தது. அரசுக் கட்டடம் ஒன்றுக்கு வைத்த அவர் பெயரை 1990-இல் எடுத்துவிட்டார்கள். எடுத்தது நியாயம். அவர் போட்ட வழியும் நிஜம்.

அத்தான் சினிமாவில் பார்க்கிற மாதிரி கொலை வழக்கெல்லாம் கிளாரா அதிகம் பார்க்கவில்லை. சொத்துப் பத்திரம், உயில், குடும்ப விவகாரம், இவைதான். நம் வீட்டுக்கும் அதுதானே தேவை?

திரும்பும்போது டிராமில் கறுப்பு கோட்டும் கைநிறையக் காகிதக் கட்டுமாக ஒரு பெண் ஏறினாள். அப்படியே பாப்பா ஜாடை. இறங்க வேண்டிய இடத்தையே தாண்டிப் போய்விட்டேன். அக்கா, திண்ணையில் உட்கார்ந்து உன் கையால் ஒரு வாய் பழைய சோறு சாப்பிட்டால் போதும் என்றிருக்கிறது. டிக்கெட் இப்போது விலை கூடுதல், கோடையில் பார்க்கலாம்.

சரி, முக்கியமான விஷயம். கிணற்றுப் பங்குக்காகச் சித்தப்பா நீட்டுவது விடுதலைப் பத்திரம் என்று எழுதியிருக்கிறாய். அதில் கையெழுத்துப் போட்டுப் பதிந்துவிட்டால் உன் பங்கு போய்விடும். அம்மா ரேகை வைத்த மாதிரி நீயும் வாசிக்காமல் போடாதே. முதலில் சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கம் போட்டுப் பார். பாப்பாவைக் கூடக் கூட்டிப்போ, அவளே வரி வரியாக வாசிக்கட்டும்.

சட்டக் கல்லூரி விண்ணப்பத்தை அவளை நிரப்பச் சொல். கட்டணத்துக்கு என் பழைய வளையலை வை, நான் மீட்டுத் தருகிறேன். இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும். பேங்கில் ஏதோ மாற்றமாம், கவலைப்படாதே. பத்திரத்தின் நகலை மறக்காமல் அனுப்பு.

உன் தங்கை