எந்த மீன், என்ன தின்ற மீன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில், ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு வேண்டுமானால் கடல் மீன்தான், வளர்ப்பு மீன் வெறும் கொழுப்பு என்று ஒரு வரி வந்திருந்தது. கட்டுரையை முழுக்கப் படித்தேன். எந்த மீன், என்ன தின்று வளர்ந்த மீன் என்று ஓரிடத்தில்கூட இல்லை. ஒரத்தநாடு பக்கம் குளம் வெட்டி கட்லா, ரோகு வளர்த்துப் பிழைக்கிறவன் நான். அன்று கரைக்கு வந்த ஒரு அம்மா, "பேப்பர்லயே போட்டிருக்காங்களே" என்று வெறும் பையோடு திரும்பிப் போனார்.

மீன் எதைத் தின்கிறதோ அதுதான் அதன் கொழுப்பில் சேரும். தாங்கள் அறியாததல்ல. இதயத்துக்கு நல்லது என்கிற இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் இரண்டையும் கடலில் முதலில் உண்டாக்குவது நுண்பாசி. மத்தி அதைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. எங்கள் குளத்தில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் மட்டும் போட்டால் ஒமேகா-3 எங்கிருந்து வரும்? அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஒமேகா-6 என்ற வேறு வகைக் கொழுப்பு, மீனிலும் அதுதான் ஏறும். ஆளிவிதை எண்ணெய் சேர்த்தால் கதை வேறு. அதில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்கிற தாவர ஒமேகா-3. கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்கள் அதில் ஒரு பங்கை இ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆகத் தாமே மாற்றிக்கொள்ளும். கொடுவா, கடல் விரால் போன்றவற்றுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. மீன் எண்ணெயோ பாசி எண்ணெயோ தீவனத்தில் நேராகவே சேர்த்தாக வேண்டும்.

நார்வே சால்மன் தீவனத்தில் 1990-ல் சுமார் 90 சதவீதம் கடலிலிருந்து கிடைத்த பொருள். 2013-ல் அது 30 சதவீதம் அளவுக்கு இறங்கி, மீதிக்குத் தாவர எண்ணெயும் சோயா போன்ற தாவரப் புரதமும் வந்துவிட்டன. ஸ்காட்லாந்துப் பண்ணை சால்மனை 2006 முதல் 2015 வரை அளந்து பார்த்ததில் அந்த இரண்டு அமிலங்களும் பாதியாகியிருந்தன. மீன் அதே மீன்தான், தீவனம்தான் மாறியது. இதயத்துக்கு நல்லதென்று அந்த சால்மனைச் சிபாரிசு செய்ததும் தங்கள் நலவாழ்வுப் பக்கம்தான். அதுவும் வளர்ப்பு மீன்தானே ஐயா?

பிடிப்புக்கு முந்தைய இரண்டு மாதம் நான் தீவனத்தில் மீன் எண்ணெய் கலக்கிறேன். நிழலில் தார்ப்பாய் விரித்து, தீவனத்தைப் பரப்பி, எண்ணெயைத் தெளித்துக் கையால் புரட்ட வேண்டும். ஊறியதும் அன்றைக்கே போட்டுவிட வேண்டும். வைத்திருந்தால் காறல் அடித்துவிடும், மீன் வந்து முகர்ந்துவிட்டுப் போய்விடும். இவ்வளவு செய்தும் வியாபாரி எடையைத்தான் பார்க்கிறார், கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடத் தருவதில்லை. தீவன மூட்டையில் கொழுப்பு இத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது, எந்தக் கொழுப்பு என்று இல்லை. கேட்டால் கம்பெனி ரகசியமாம். இதையெல்லாம் யார் எழுதப் போகிறார்கள்?

முன்பு ஒருமுறை கோழிக்கழிவு போட்டு வளர்க்கிறார்கள் என்று செய்தி போட்டீர்கள். அது 2000-லேயே தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பற்றியது. படமோ எங்கள் கட்லா. அப்போது எழுதிய கடிதம் பிரசுரமாகவில்லை. அப்புறம் மீன் கெடாமலிருக்க பார்மலின் என்ற ரசாயனம் போடுகிறார்கள் என்று செய்தி வந்தது, உயிரோடு துள்ளத் துள்ள விற்கிற நாங்களும் அதில் சேர்ந்தே அடிபட்டோம். இருபத்தைந்து வருடமாகத் தங்கள் பத்திரிகைதான் எங்கள் வீட்டில் வருகிறது. அதனால்தான் மனசு கேட்கவில்லை.

நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் மீன் தீவனம் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கேட்டு, அதே பக்கத்தில் நாலு வரி விளக்கம் போட வேண்டுகிறேன். இனி மீனைப் பற்றி எழுதும்போது அதன் பெயரையும், அது தின்ற தீவனத்தையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மீன் வளர்ப்பு விவசாயி,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.