ரத்தம் வற்றவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்குத் தரும் தடுப்பு மருந்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிவிட்டு, “பச்சைக் குழந்தையின் ரத்தத்தை வற்றவைக்கும் இது அவசியந்தானா, பெற்றோர் யோசிக்கட்டும்” என்று முடித்திருந்தீர்கள். எங்களுக்கு யோசனை சொல்ல ஆள் இல்லாத குறை தீர்ந்தது.

எனக்குத் தொற்று இருப்பது நிறைமாதத்தில்தான் தெரிந்தது. அதனால் தொற்றும் ஆபத்து அதிகம் என்று மகனுக்கு நெவிரபின், ஜிடோவுடின் என இரண்டு சிரப். ஜிடோவுடின் ரத்தசோகை தரும், உண்மை. அவனுக்கும் உள்ளங்கை வெளுத்தது. இரண்டு மாத வாக்கில் எல்லாக் குழந்தைக்கும் ஹீமோகுளோபின் சற்று இறங்கும், இந்த மருந்து இன்னும் கொஞ்சம் இறக்கும், நிறுத்தியதும் பெரும்பாலும் ஏறிவிடும் என்றார் டாக்டர். ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏறியது. 18 மாதப் பரிசோதனையில் மகனுக்குத் தொற்று இல்லை. ‘ஏறிவிடும்’ என்பதைப் போட உங்களுக்கு இடம் போதவில்லை போலும். பாதிப் பக்கம் கூந்தல் தைல விளம்பரம்.

தாய்க்கும் சேய்க்கும் ஜிடோவுடின் கொடுத்ததில் குழந்தைக்குத் தொற்றுவது 25.5 சதவீதத்திலிருந்து 8.3 ஆகக் குறைந்ததை 1994-லேயே ஆய்வு காட்டிவிட்டது. தாங்கள் அறியாததா? இன்று தாய், எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் அதைவிடவும் குறைவு.

ஆண்டுதோறும் டிசம்பர் 1, எய்ட்ஸ் தினத்தன்று சிவப்பு ரிப்பனும், முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண்ணும் உங்கள் அட்டையில் தவறுவதில்லை. பிரசவ வார்டில் என் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் கொட்டையாக எழுதி, கட்டிலைக் கழிப்பறைப் பக்கம் தள்ளினார்கள். சம்மதமில்லாமல் ஒருவரின் நிலையை வெளியிடக் கூடாது என்று 2017-இல் சட்டமே வந்திருக்கிறதே என்று அப்போது உங்களுக்கு எழுதினேன். போடவில்லை. அதற்கு அடுத்த இதழில் நடிகை வீட்டு நாய்க்குட்டி பிறந்தநாள் வந்தது.

அதெல்லாம் போகட்டும். உங்கள் கட்டுரையைப் படித்த பெண்ணொருத்தி, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்து வாசலில் கைக்குழந்தையோடு என்னிடம், “சிரப்பை நிறுத்திரலாமாக்கா?” என்று கேட்டாள். உங்களைக் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும், ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டரைக் கேட்காமல் யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம், சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கட்டணமின்றிப் பேசலாம் என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். விளம்பரத்துக்குக் கீழே என்றாலும் சரி.

பெயர், ஊர் வேண்டாம். என் மாமியாரும் உங்கள் வாசகிதான்.

இப்படிக்கு,
ஒரு தாய்