பிஎச் கன்ட்ரோலர் அளப்பது வாயுவை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன் தொட்டியில் செடி வளர்ப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஆனால் பிஎச் கன்ட்ரோலரில் 6.6 என்று வைத்துவிட்டால், செடிகளுக்காகத் தண்ணீரில் விடும் கார்பன் டை ஆக்சைடு வாயு தானாகச் சரியாகிவிடும் என்று அதில் இருந்தது. அதை அப்படியே நம்பிச் செய்தால் மீன்கள் செத்துப்போகலாம்.

நான் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள். பிஎச் மீட்டரோடு எனக்கு நெடுநாள் பழக்கம். கன்ட்ரோலர் தண்ணீரின் பிஎச்சை, அதாவது அமில காரத் தன்மையைக் காட்டும் எண்ணை மட்டும்தான் பார்க்கும். வாயு கரையக் கரைய அந்த எண் இறங்கும். குறித்த எண்ணுக்கு மேல் ஏறினால் வாயுவை விடும் சோலனாய்டு வால்வை (மின்சாரத்தில் இயங்கும் அடைப்பானை) திறக்கும், இறங்கினால் மூடும். அந்த எண்ணில் எவ்வளவு வாயு கரைந்திருக்கும் என்பது தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மையை, அதாவது பிஎச்சை எளிதில் இறங்கவிடாத கார்பனேட் உப்புகளின் அளவைப் பொறுத்தது. கடினத்தன்மை 4 டிகிரி என்றால் 6.6-ல் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம். செடிக்குப் போதும், பெரும்பாலான மீன்களும் தாங்கும். கடினத்தன்மை 8 டிகிரி என்றால் அதே 6.6-ல் 60 மில்லிகிராம்! மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து திணறும். அந்தத் தண்ணீருக்கு 6.9 என்று வைக்க வேண்டும்.

தண்ணீர் மாற்றும் நாளில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். புதுத் தண்ணீரின் கடினத்தன்மை அதிகமாக இருந்தால் தொட்டியின் பிஎச் ஏறும். கன்ட்ரோலர் அதைப் பழைய எண்ணுக்கு இறக்கப் பார்த்து வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். திரையில் மட்டும் எல்லாம் சரியாகவே தெரியும். தொட்டியில் போட்ட மரக்கட்டையிலிருந்து சாறு இறங்கினால் கதை தலைகீழ். பிஎச் குறைந்து வால்வு மூடிக்கொள்ளும், செடிகள் வாடும்.

அப்புறம் தண்ணீரில் மூழ்கி பிஎச்சை அளக்கும் அந்த புரோப். நுனியில் உள்ள கண்ணாடிக் குமிழ் மெல்லியது, நாளாக ஆக அளவு பிசகும். உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டினால் வால்வு தேவைக்கு மேல் திறந்திருக்கும். மாதம் ஒருமுறையாவது பிஎச் 7, பிஎச் 4 என்று அளவு தெரிந்த பஃபர் கரைசல்களில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். எடுத்து வைக்கும்போது காயவிடக் கூடாது, காய்ச்சி வடித்த நீரிலும் போடக் கூடாது. பொட்டாசியம் குளோரைடு கரைசல்தான் அதற்கு ஏற்றது.

கன்ட்ரோலர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் காவலுக்கு மட்டும் வையுங்கள். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் மீனுக்கு ஆபத்து வராத அளவுக்கு வாயுவின் ஓட்டத்தைத் திருகிச் சரிசெய்யும் நீடில் வால்வில் குமிழிகளைக் குறைத்துவிடுங்கள். விளக்கு அணையும்போது டைமரால் வாயுவும் நிற்கட்டும். கூடவே கரைந்த வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் ஒரு டிராப் செக்கரைத் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். அதனுள் இருப்பது 4 டிகிரிக் கடினத்தன்மை கொண்ட தனிக் கரைசல் என்பதால் தொட்டி நீரின் கடினத்தன்மை அதைக் குழப்பாது. நிறம் மாறக் கொஞ்ச நேரம் எடுக்கும். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் உடனே வாயுவைக் குறைக்க வேண்டும்.

தயவுசெய்து அடுத்த இணைப்பிலேயே இந்தத் திருத்தத்தை வெளியிடுங்கள். கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது இந்நேரம் 6.6 என்று வைத்திருக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்