மச்சானுக்கு, கிளிநொச்சியிலிருந்து

மச்சான்,

மூன்று மாதமாகப் பதில் போடாதது என் பிழைதான், ஏசிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். காலபோகம் வெட்டி முடிந்தது. சின்னம்மாவின் காணிக்கதை அப்படியே கிடக்கிறது. தட்டிவான் அண்ணை உன்னை இன்னமும் "பத்து ரூபாய்" என்றுதான் விசாரிக்கிறார், ஒருக்கால் வந்து கொடுத்துவிட்டுப் போ.

எழுத வந்தது வேறு விஷயம். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் விவாதப்போட்டி. பெருந்தொற்று வந்தால் ஐ.நா. அமைதிப்படை நிற்பதா, திரும்புவதா என்று தலைப்பு. அவளுக்கு உதவ வாசிக்கத் தொடங்கியவன், இரண்டு கிழமையாக எனக்கு வேறு நினைப்பில்லை.

2010இல் நிலநடுக்கத்தில் நொந்து கிடந்த ஹெயிட்டிக்கு அமைதிப்படையோடு கொலராவும் போயிருக்கிறது. மிர்பாலே பக்கம் நேபாளப் படைமுகாமின் கழிவு ஓடையில் இறங்கி, ஓடை ஆர்ட்டிபோனிட் ஆற்றில் விழுந்து, அதில் குளித்துக் குடித்த சனத்தில் பத்தாயிரம் பேரளவில் செத்தார்கள். ஐ.நா. மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆனது. எங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் இப்படி ஒன்று நடந்திருந்தால்?

கொரோனாவில் கொஞ்சம் கவனமாகத்தான் இருந்தார்கள். 2020 ஏப்ரலில் படை மாற்றத்தை ஜூன் 30 வரை நிறுத்தினார்கள், வீட்டுக்குப் போகவேண்டியவன் அங்கேயே நின்றான். பிறகு புதிதாகப் போனவனுக்கு 14 நாள் தனிமை. சரி. ஆனால் எல்லா இடமும் சண்டையை நிறுத்துங்கள் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் குட்டெரஸ் கேட்டது மார்ச் 23, பாதுகாப்புச் சபை அதற்குத் தீர்மானம் 2532 நிறைவேற்றியது ஜூலை 1. உலக சுகாதார நிறுவனத்தின் பெயரைப் போடுவதா விடுவதா என்று அமெரிக்காவும் சீனாவும் இழுபட்டதில் மூன்று மாதம் போனது. மூன்று மாதத்தில் என்னென்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா மச்சான்?

மகளுக்குக் கிடைத்தது "திரும்ப வேண்டும்" என்ற பக்கம். ஹெயிட்டியை வைத்து நன்றாக எழுதியிருக்கிறாள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. வருகிறவனைச் சோதி, கழிவைத் தண்ணீரில் விடாதே, சனத்திடம் எதையும் மறைக்காதே, ஆனால் விட்டுவிட்டுப் போகாதே என்றுதான் நான் சொல்வேன். 2008 செப்டெம்பரில் அரசு வெளியேறச் சொல்லி ஐ.நா. ஆட்கள் இங்கிருந்து வெளிக்கிட்டபோது, அவர்கள் படைகூட இல்லை, நிவாரணம் தந்தவர்கள், அதற்கே வாசலில் போய் நின்று போகாதேங்கோ என்று கெஞ்சினோமே. நீயும் பக்கத்தில் நின்றாய்.

அவள் அதற்குப் பிறகு பிறந்தவள். எனக்கு அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வெள்ளிக்கிழமை போட்டி, அதற்கு முன் நீ அவளுக்கு ஒரு கோல் எடுத்துக் கதை.