பதினெட்டு நாள் முந்தியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சுதேசிக் கட்டுரையில், 'அந்நியச் சரக்கைப் புறக்கணிக்க ஆசியாவுக்குச் சொல்லிக்கொடுத்தது வங்காளம்' என்று ஒரு வரி. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவன் நான். அதைப் படித்ததில் கையிலிருந்த காப்பி ஆறிப்போயிற்று.

கல்கத்தா டவுன்ஹாலில் புறக்கணிப்புத் தீர்மானம் போட்டது 1905 ஆகஸ்ட் 7. ஷாங்காய் வியாபாரிகள் மே மாதமே அமெரிக்காவுக்கு இரண்டு மாதக் கெடு வைத்து, ஜூலை 20-இல் புறக்கணிப்பில் இறங்கிவிட்டார்கள். அமெரிக்க மாவு, மண்ணெண்ணெய், துணி, சிகரெட் எதையும் தொடுவதில்லை. பீக்கிங்கிலிருந்த சீன அரசு ஆகஸ்ட் கடைசியில் அதட்டியும் தெற்கே கான்டன் நகரத்துக்காரர்கள் மறுவருஷம் வரை விடவில்லை. தங்களுக்குத் தெரியாததா? அச்சுக்கு அவசரமாக இருந்திருக்கும்.

கெடு எதற்கு என்றால், இதற்குத்தான்: மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டுக் கொடுத்த சீனக் கூலிகளை இனி உள்ளே விடமாட்டோம் என்று 1882-இல் அமெரிக்கா சட்டம் போட்டது. வியாபாரிக்கும் மாணவனுக்கும் விலக்கு என்பது காகிதத்தில். துறைமுகத்தில் அவர்களையும் கொட்டடியில் அடைத்துத்தான் விசாரித்தார்கள்.

எனக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மகளின் பிரசவத்துக்குப் போக அமெரிக்க விசா கேட்டு நானும் என் மனைவியும் விடியற்காலை ஐந்து மணிக்கே வரிசையில் நின்றோம். பென்ஷன் புத்தகம், வீட்டு வரி ரசீது, மாப்பிள்ளையின் கடிதம் எல்லாம் பைலில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பைலைத் திறக்கவே இல்லை. "திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?" அவ்வளவுதான். பேரன் இப்போது மூன்றாம் வகுப்பு.

அதனால்தான் கான்டன் சுவரொட்டி எனக்குப் பிடிக்கும். அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மகள் ஆலிஸ் வருகிறாள் என்றதும், ஒரு பெண்ணைப் பல்லக்கில் வைத்து ஆமைகள் சுமப்பதாகப் படம் ஒட்டினார்கள். அங்கே ஆமை என்றால் கெட்ட வசவு. பல்லக்குத் தூக்கிகளுக்கு வேறு விளக்கம் எதற்கு?

இன்னொன்று. வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி 1908-இல் தொடங்கியதாக முன்பு எழுதியிருந்தீர்கள். 1906 என்று இரண்டு பக்கம் எழுதினேன். மரியாதைக்காக முதலில் எழுதியிருந்த 'கட்டுரை அருமை' மட்டும் அச்சாயிற்று. என் இனிஷியலும் தப்பு.

இப்போது கேட்பது சிறு பிழைதிருத்தம்தான். ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தாலும் போதும்: ஜூலை 20, ஷாங்காய். இனிஷியல் 'சு.', 'சூ.' அல்ல.

சு.,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கோவில்பட்டி